எட்டு மாத இடைவெளியை எங்கே ஒளித்து வைப்பது?

கேள்வி: மருத்துவப் பட்டப்படிப்பை முடித்து ஓராண்டு ஆகப் போகிறது. இறுதியாண்டில் மகப்பேறு மருத்துவத் தாளில் தவறி, ஆறு மாதம் கழித்து எழுதித் தேறினேன். பட்டம் கைக்கு வந்த சமயத்தில் அம்மாவுக்குப் பக்கவாதம். எட்டு மாதம் வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொண்டேன். இப்போது இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும், ஏழு வாரம்தான் இருக்கிறது. என்னைப் பற்றி எழுதவேண்டிய கடிதத்தை ஆறு முறை எழுதி அழித்துவிட்டேன். பரிந்துரைக் கடிதத்தைத் துறைத் தலைவரிடம் கேட்கலாமா? அவருக்கு என் முகமே தெரியாது. அந்த எட்டு மாதத்தையும் தவறிய தாளையும் எப்படி மறைப்பது? பெரிய மருத்துவமனையை விருப்பப் பட்டியலில் முதலில் போட்டால் அடுத்ததும் கைநழுவிப் போய்விடும் என்று தோழிகள் சொல்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள டாக்டர்,

கடிதத்தின் கடைசியில் உங்கள் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று எழுதி, அப்புறம் அதன்மேல் ஒரு கோடு இழுத்திருக்கிறீர்கள். முதலில் என் கண்ணில் பட்டது அந்தக் கோடுதான். படித்து, தேறி, பட்டமும் வாங்கிவிட்டீர்கள். தனியாகச் சிகிச்சை அளிக்கும் உரிமைக்கு இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த முறை கோடு வேண்டாம்.

எந்த நாட்டில் விண்ணப்பிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இந்தியாவில் இந்த ஓராண்டு இன்டர்ன்ஷிப், பட்டம் கைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அமெரிக்காவில் ரெசிடென்சி என்ற மேற்பயிற்சியின் முதலாண்டுக்காரரை இன்டர்ன் என்கிறார்கள். பிரிட்டனில் இரண்டு ஆண்டு ஃபவுண்டேஷன் பயிற்சி, மலேசியாவில் இரண்டு ஆண்டு ஹவுஸ்மேன்ஷிப். பெயரும் காலமும்தான் மாறுகின்றன. விண்ணப்பத்தைப் படிப்பவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தவரை எங்கும் ஒன்றாகத்தான் இருக்கிறது. அதனால் பொதுவாகவே சொல்கிறேன்.

இன்டர்ன்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் 14 ஆண்டாக உட்கார்ந்திருக்கிறேன். வெளியே இருப்பவர்கள் நினைப்பதுபோல நாங்கள் தங்கப் பதக்கக்காரர்களைத் தேடி அலைவதில்லை. மதிப்பெண் உள்ளே வர ஒரு வாசல். உள்ளே வந்துவிட்டவர்களைப் பற்றி நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, ‘இவர் தெரியாததைத் தெரியாது என்று சொல்வாரா?’ இரவு டியூட்டியில் நோயாளியின் பக்கத்தில் முதலில் போய் நிற்பவர் இன்டர்ன். அவர் கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடியே சீனியருக்குப் போனில் சொன்னால், அங்கிருந்து நாங்கள் பார்த்துக்கொள்வோம். பார்க்காத ரிப்போர்ட்டைப் பார்த்தேன் என்று சொல்லும் புத்திசாலியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அப்படி ஒருவரோடு ஒரு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அந்த வருடம் முழுக்க எல்லா ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் நானே போய் இரண்டாம் முறை பார்த்தேன்.

இப்போது உங்கள் எட்டு மாதத்துக்கு வருவோம். மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. பட்டம் பெற்ற தேதியும் விண்ணப்பிக்கும் தேதியும் அதே தாளில் இருக்கின்றன. நடுவில் எத்தனை மாதம் என்று கணக்குப் போடுவதுதான் எங்கள் கண் தானாகச் செய்யும் முதல் வேலை. விளக்கம் இல்லாத இடைவெளியை வாசிப்பவர் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வார், பெரும்பாலும் மோசமாகத்தான் நிரப்பிக்கொள்வார். ‘பக்கவாதம் வந்த என் தாயை எட்டு மாதம் வீட்டில் இருந்து பராமரித்தேன்’ என்று மாதத்தையும் ஆண்டையும் போட்டு ஒரு வரி எழுதிவிடுங்கள். அதோடு அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

ஆனால் இன்னொரு சந்தேகம் மிச்சம் இருக்கும். எட்டு மாதம் வார்டுக்குள் கால் வைக்காதவருக்குக் கை பழகியிருக்குமா? இது நியாயமான கேள்வி. இதற்குச் சொல்லால் பதில் சொல்ல முடியாது, செயலால்தான் சொல்ல வேண்டும். கையில் இருக்கும் ஏழு வாரத்தில் மூன்று வாரத்தை ஒதுக்கி, நீங்கள் படித்த கல்லூரியிலோ அனுமதி கிடைக்கும் வேறு மருத்துவமனையிலோ காலை ரவுண்ட்ஸில் பார்வையாளராகப் போய் நில்லுங்கள். பொறுப்பு எதுவும் தர மாட்டார்கள், தரவும் கூடாது. ஆனாலும் கேஸ் ஷீட்டைப் படிக்கும் பழக்கம் திரும்பிவிடும், பெரியவர்கள் கேள்வி கேட்டால் வாய் திறக்கும் பழக்கமும் திரும்பிவிடும். உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தால் அதையும் இப்போதே புதுப்பித்துக்கொள்ளுங்கள். நெஞ்சை அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல், 6-ஐத் தாண்டாமல் என்பது உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். அந்த வேகத்தில் தொடர்ந்து இரண்டு நிமிடம் செய்து பார்த்தால்தான் எட்டு மாதம் கையில் என்ன செய்திருக்கிறது என்று தெரியும்.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட காலத்தைப் பற்றி இரண்டு மூன்று வரிக்கு மேல் எழுதாதீர்கள். அனுதாபம் கேட்பதுபோல ஆகிவிடும். ஆனால் நேர்காணலில் கேட்டால் தயங்காமல் பேசுங்கள். படுக்கைப் புண் வராமலிருக்க இரவிலும் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைத்திருப்பீர்கள். தண்ணீர் விழுங்கும்போது புரையேறுகிறதா என்று கவனித்திருப்பீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருந்த பாதி விஷயம் வீட்டுக்கு வந்தபின் மருத்துவம் படித்த உங்களுக்கே புரியாமல் போயிருக்கலாம். படிக்காத குடும்பம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும் என்று அன்றைக்கு நினைத்திருந்தால், அதைச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் அதைச் சொன்னவர் இதுவரை ஒருவரும் இல்லை.

தவறிய தாளுக்கும் இதே வழிதான். விண்ணப்பத்தில் கேட்டால் ‘ஆம்’ என்று குறியிடுங்கள். கேட்காவிட்டாலும் மதிப்பெண் பட்டியலில் அது தெரியத்தான் போகிறது. ஏன் தவறினீர்கள், பிறகு என்ன மாற்றினீர்கள், என்ன ஆயிற்று என்று மூன்று வாக்கியம் போதும். கேள்வித்தாள் கடினம், திருத்தியவர் சரியில்லை என்று தொடங்காதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும் கேட்பவர் காதில் வேறு மாதிரித்தான் விழும்.

அப்புறம் அந்த ஆறு முறை எழுதி அழித்த கடிதம். நீங்கள் கூடவே அனுப்பிய கடைசிப் பிரதியைப் படித்தேன். ‘சிறு வயதிலிருந்தே மருத்துவராக வேண்டும் என்பது என் கனவு’ என்று தொடங்குகிறது. கோபப்படாதீர்கள், என் மேசைக்கு வருவதில் பாதிக் கடிதம் அப்படித்தான் தொடங்குகிறது. மீதிப் பாதி தாத்தாவின் மரணத்தில் தொடங்குகிறது. இப்போதெல்லாம் இயந்திரம் எழுதிக் கொடுத்த கடிதங்களும் வருகின்றன. எல்லாவற்றிலும் ‘பேரார்வம்’ இருக்கும், ஒரு நோயாளிகூட இருக்க மாட்டார்.

சில வருடம் முன்பு வந்த ஒரு கடிதம் இன்னும் நினைவில் இருக்கிறது. அந்தப் பெண் தன்னைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. புறநோயாளிப் பிரிவில் பார்த்த ஒரு முதியவரைப் பற்றி எழுதியிருந்தார். தலைச்சுற்றல், இரண்டு முறை கீழே விழுந்திருக்கிறார். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் அடுத்த முறை கொண்டுவரச் சொன்னாராம் இந்த மாணவி. மேசையில் பரப்பிப் பார்த்தால், ஒரே ரத்த அழுத்த மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயரில் இருக்கிறது. முதியவர் இரண்டையும் விடாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ‘எனக்குச் சந்தேகமாக இருந்தது, சீனியரிடம் காட்டினேன், அவர் ஒன்றை நிறுத்தினார்’ என்று முடித்துவிட்டார். மொத்தம் எட்டு வரி. அவர் கவனித்தார், கேட்டார், தானே முடிவெடுக்காமல் மேலே சொன்னார் என்பது எங்களுக்குப் புரிந்துவிட்டது. அவரே ‘எனக்குக் கூர்ந்து கவனிக்கும் திறன் உண்டு’ என்று எழுதியிருந்தால் நம்பியிருப்போமா தெரியாது.

உங்களிடமும் அப்படி ஒருவர் இருப்பார். உயிரைக் காப்பாற்றிய கதையாக இருக்கத் தேவையில்லை. மாணவராக இருந்தபோது நீங்கள் உயிரைக் காப்பாற்றியதாக எழுதினால் நாங்கள் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்போம். நோயாளியின் பெயர், படுக்கை எண், தேதி, அவரை அடையாளம் காட்டக்கூடிய எதுவும் வேண்டாம். அந்த ரகசியத்தைக் காக்கிறீர்களா என்பதையும் கவனிப்போம். ஒரு பக்கத்தைத் தாண்டவும் வேண்டாம். எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படியுங்கள். நீங்கள் பேசாத ஒரு வார்த்தை வந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

பரிந்துரைக் கடிதம் விஷயத்தில் உங்கள் தயக்கம் சரியானது. முகம் தெரியாத துறைத் தலைவர் என்ன எழுதுவார்? ‘இவர் எங்கள் கல்லூரி மாணவி. நன்னடத்தை உள்ளவர். வருகைப் பதிவு திருப்திகரம்.’ இதற்கு எங்கள் மொழியில் பொருள், எனக்கு இவரைத் தெரியாது என்பதுதான். வார்டில் உங்களை தினமும் பார்த்த உதவிப் பேராசிரியர் ஒருவர், நீங்கள் ஒரு நாள் நோயாளியிடம் நோயின் வரலாறு கேட்ட விதத்தைப் பற்றி நாலு வரி எழுதினால் அதன் எடையே வேறு. சில இடங்களில் தலைவரின் கடிதம் கட்டாயம் என்று விதி இருக்கும். அப்படியானால் அதையும் வாங்குங்கள். ஆனால் அந்த உதவிப் பேராசிரியரை முன்கூட்டியே தலைவரிடம் உங்களைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.

கேட்கும் விதம் ஒன்று இருக்கிறது. ‘சார், ஒரு லெட்டர் வேண்டும்’ என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள், வேண்டாவெறுப்பாக எழுதித் தருவார்கள். ‘என்னைப் பற்றி நம்பிக்கையோடு நல்லவிதமாக எழுத உங்களால் முடியுமா? இல்லையென்றாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்’ என்று கேளுங்கள். அவர் ஒரு நொடி தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போங்கள். ஒப்புக்கொண்டால், உங்கள் விவரக் குறிப்பு, அவரோடு பார்த்த இரண்டு மூன்று கேஸ், கடைசித் தேதி மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். குறைந்தது மூன்று வாரம் அவகாசம் வேண்டும். கடிதத்தைப் படிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று படிவத்தில் கேட்டால் விட்டுக்கொடுத்துவிடுங்கள். நீங்கள் பார்க்காத கடிதத்தைத்தான் நாங்கள் நம்புவோம்.

நீங்கள் பெண் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். ஓர் அமெரிக்க மருத்துவக் கல்லூரியில் ஆசிரியப் பணிக்கு வந்த 300-க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை அலசி 2003-இல் ஓர் ஆய்வு வெளியானது. பெண்களுக்கு எழுதிய கடிதங்கள் சராசரியாகச் சின்னதாக இருந்தன. ஆண்களின் கடிதத்தில் ஆராய்ச்சியும் திறமையும் பேசப்பட்ட இடத்தில், பெண்களின் கடிதத்தில் உழைப்பும் அக்கறையும் அதிகம் பேசப்பட்டன. எழுதியவர்கள் வேண்டுமென்றே செய்ததில்லை. அதனால்தான் கையில் கேஸ் விவரத்தைக் கொடுங்கள் என்கிறேன். எழுதுபவருக்கு ஒரு நிகழ்ச்சி கிடைத்துவிட்டால் ‘கடின உழைப்பாளி’ என்று நிரப்ப வேண்டியிருக்காது.

சான்றிதழ்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்று மட்டும்: பாஸ்போர்ட், பட்டம், மருத்துவக் கவுன்சில் பதிவு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஒன்றில் முதலெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் முதலெழுத்தின் விரிவு என்று இருந்தால் அதைச் சரிசெய்யவே ஏழு வாரம் போதாது.

நேர்காணலில் கண்டிப்பாக ஒரு இரவு டியூட்டி கேள்வி வரும். நான் வழக்கமாகக் கேட்பது இது: ‘ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவில், 6.8 என்று லேபிலிருந்து போன் வருகிறது. என்ன செய்வீர்கள்?’ உடனே மருந்துப் பட்டியலை ஒப்பிப்பவர்கள்தான் அதிகம். கால்சியம் குளுக்கோனேட், இன்சுலினோடு குளுக்கோஸ், சால்பியுட்டமால், டயாலிசிஸ். எல்லாம் சரி. ஆனால் நோயாளி எங்கே? ‘முதலில் போய் அவரைப் பார்ப்பேன், ஈ.சி.ஜி. எடுப்பேன், சீனியருக்குச் சொல்வேன். அனுப்பிய ரத்தத்தில் அணுக்கள் உடைந்துபோயிருந்தனவா என்று லேபில் கேட்டு மறுபடி ரத்தம் அனுப்புவேன். ஆனால் ஈ.சி.ஜி.யில் மாற்றம் இருந்தால் அந்த முடிவுக்காகக் காத்திருக்க மாட்டேன்’ என்று ஒருவர் சொன்னால் நான் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். கால்சியம் பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்தைத்தான் காக்கும் என்பதும் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. அளவு மறந்துபோனால் ‘அளவைப் பார்த்துக்கொண்டுதான் போடுவேன்’ என்று சொல்லுங்கள். அதற்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டோம். ஊகித்துச் சொன்னால்தான் குறைப்போம்.

‘நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள்’ என்றும் கேட்பார்கள். ‘நான் அளவுக்கு மீறி உழைப்பேன், அதுதான் என் குறை’ என்ற பதிலை தயவுசெய்து சொல்லாதீர்கள். என் பதில் இதுதான். இன்டர்னாக இருந்தபோது இன்சுலின் 10 யூனிட் என்பதைச் சுருக்கி, 10-ஐ ஒட்டியே ஆங்கில ‘யூ’ எழுத்தைக் கிறுக்கினேன். அது பூஜ்யம் மாதிரி இருந்தது. இரவு நர்ஸ் போன் செய்து ‘நூறு யூனிட்டா டாக்டர்?’ என்றார். அவர் கேட்காமல் போட்டிருந்தால் அந்த நோயாளி என்ன ஆகியிருப்பார் என்று இன்றும் நினைப்பதுண்டு. அன்றிலிருந்து ‘யூனிட்’ என்று முழுதாக எழுதுகிறேன். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் வெளியிட்ட, பயன்படுத்தக் கூடாத சுருக்கங்களின் பட்டியலிலும் அந்த எழுத்து இருக்கிறது. நான் தனியாக ஒன்றும் முட்டாள் இல்லை என்று அப்போது கொஞ்சம் ஆறுதல்.

இனி விருப்பப் பட்டியல். உங்கள் தோழிகள் சொல்வது ஓரிடத்தில் தவறு, இன்னோரிடத்தில் சரி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

1940-களில் அமெரிக்காவில் மாணவர்களைவிட இன்டர்ன் இடங்கள் அதிகம். மருத்துவமனைகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு, படிப்பு முடிய இரண்டு வருடம் இருக்கும்போதே மாணவர்களைப் பிடித்துப் போட்டன. குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் மதிப்பெண் விவரத்தைத் தர மாட்டோம் என்று கல்லூரிகள் சேர்ந்து முடிவெடுத்தன. முந்துவது நின்றது, நெருக்குவது ஆரம்பித்தது. 1945-இல் மாணவர் யோசிக்க 10 நாள் கொடுத்தார்கள். அது வருடா வருடம் சுருங்கி, 1949-இல் 12 மணி நேரம் தரலாம் என்று கல்லூரிகள் சொன்னபோது, அதுவே அதிகம் என்று மருத்துவமனைகள் தரப்பில் மறுத்துவிட்டார்கள். இந்தக் கூத்துக்கு முடிவு கட்டத்தான் 1952-இல், இருதரப்பின் விருப்பப் பட்டியலையும் பொருத்தி இடம் ஒதுக்கும் ‘மேட்ச்’ என்ற பொது ஏற்பாடு வந்தது. அதற்கு முன் ஒத்திகை பார்த்த முறையில், எட்டாத இடத்தை முதலில் எழுதியவர் அதற்காகவே அடுத்த இடத்தையும் இழக்க நேரிடலாம். மாணவர்கள் கூடி எதிர்த்தார்கள், முறை மாறியது. 1962-இல் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற கணித அறிஞர்கள் இருவரும் இந்த வகைப் பொருத்தத்தின் கணிதத்தை எழுதினார்கள். பிறகு பொருளாதார அறிஞர் ஆல்வின் ராத் மேட்ச் முறையைத் திருத்தி அமைத்து, 1998-இலிருந்து விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்து கணக்கு தொடங்கும்படி செய்தார். ராத்துக்கும் ஷேப்லிக்கும் 2012-இல் பொருளாதாரத்துக்கான நோபல் கிடைத்தது.

அந்தக் கணக்கு இப்படி நடக்கும். உங்கள் முதல் விருப்பத்தில் கணினி உங்களை உட்கார வைத்துப் பார்க்கும். அங்கே உங்களைவிட மேலே வரிசைப்படுத்தப்பட்டவர்களால் இடம் நிரம்பிவிட்டால், இரண்டாவதுக்குப் போவீர்கள். அங்கே நீங்கள் ‘இரண்டாவதாகப் போட்டவர்’ என்ற குறையோடு போவதில்லை, முதலாவதாகப் போட்டிருந்தால் என்ன உரிமையோ அதே உரிமையோடு போவீர்கள். ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரை அந்த மருத்துவமனை உங்களுக்குக் கீழே வைத்திருந்தால், அவர் எழுந்து உங்களுக்கு இடம் தர வேண்டும். ஆகவே அங்கே தந்திரமே தேவையில்லை. எங்கே போக ஆசையோ அதை முதலில் எழுதலாம், நஷ்டம் இல்லை.

பிரிட்டனில் 2024 முதல் வேறு வழி. மதிப்பெண்ணை விட்டுவிட்டு, கணினி ஒவ்வொருவருக்கும் குலுக்கல் முறையில் ஒரு வரிசை எண் தருகிறது. முதல் சுற்றில் அந்த வரிசைப்படி ஒவ்வொருவரின் முதல் விருப்பத்தை மட்டும் பார்க்கிறது. இடம் இருந்தால் தருகிறது, இல்லையென்றால் அவரைத் தாண்டிப் போய்விடுகிறது. எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து முடித்த பிறகுதான் மிச்சமானவர்களின் அடுத்த விருப்பங்களுக்கு வருகிறது. அங்கே எல்லோரும் அடித்துக்கொள்ளும் ஊரை முதலில் எழுதி, வரிசை எண்ணும் பின்னால் வந்துவிட்டால், உங்கள் இரண்டாவது விருப்பத்தை அதற்குள் வேறு யாரோ முதல் விருப்பமாக எழுதி எடுத்துக்கொண்டிருப்பார். உங்கள் தோழிகள் சொன்னது இங்கே அப்படியே உண்மை.

எனவே பட்டியலைத் தொடுவதற்கு முன் உங்கள் நாட்டு முறையின் விதிப் புத்தகத்தை ஒரு முறை முழுதாகப் படியுங்கள். முதல் விருப்பத்துக்குத் தனிச் சலுகை உண்டா என்ற ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் போதும். சலுகை இல்லையென்றால் மனதில் இருக்கும் வரிசையை அப்படியே எழுதுங்கள். உண்டு என்றால், கிடைக்க வாய்ப்புள்ளவற்றில் உங்களுக்கு மிகவும் பிடித்ததை முதலில் வையுங்கள். இரண்டிலுமே, ஒரு நாளும் போக மாட்டேன் என்று நினைக்கும் இடத்தைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். கிடைத்தால் போய்த்தான் ஆக வேண்டும், பல இடங்களில் அது ஒப்பந்தம் மாதிரி.

பெரிய மருத்துவமனை, சின்ன மருத்துவமனை என்று பெயரை வைத்துப் பார்ப்பதைவிட, அங்கே இப்போது வேலை பார்க்கும் இன்டர்னைப் பிடித்து மூன்று விஷயம் கேளுங்கள். இரவில் சீனியர் மருத்துவமனைக்குள்ளேயே இருப்பாரா, வீட்டிலிருந்து போனில் பேசுவாரா? டியூட்டி மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்க நேரமும் முறையும் இருக்கிறதா, அல்லது லிஃப்ட் வாசலில் நின்று சொல்லிவிட்டு ஓடுகிறார்களா? வாரத்துக்கு உண்மையில் எத்தனை மணி நேரம்?

இதெல்லாம் சொகுசுக் கேள்விகள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1984-இல் நியூயார்க்கில் லிபி ஸயன் என்ற 18 வயதுப் பெண் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சில மணி நேரத்தில் இறந்தார். அவரைக் கவனித்தவர்கள் நீண்ட டியூட்டியில் இருந்த பயிற்சி மருத்துவர்கள். அவருடைய அப்பா விடாமல் போராடியதில், 1989-இல் அந்த மாநிலத்தில் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வரம்பு வந்தது. 2003-இல் அது அமெரிக்கா முழுவதும் பயிற்சி மருத்துவர்களுக்கு விதியானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சராசரி 48 மணி நேரம். ஒப்படைப்பைப் பற்றிய கேள்வியும் அப்படித்தான். வட அமெரிக்காவில் 9 மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில், ஒரே ஒழுங்கில் ஒப்படைக்கும் முறையைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன என்று 2014-இல் முடிவு வெளியானது. புது மருந்தோ புது இயந்திரமோ இல்லை, பேசும் முறையை மாற்றியதற்கே இந்தப் பலன்.

என்னைக் கேட்டால், இரவில் சீனியர் உள்ளே இருக்கும் நடுத்தர மருத்துவமனையை, அவர் போனை எடுக்காத பிரபல மருத்துவமனைக்கு மேலே வைப்பேன். என் சக ஊழியர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், பெயர் பின்னால் உதவும் என்பார்கள். உதவும்தான். ஆனால் உங்களுக்கு இப்போது தேவை கைப்பழக்கம் திரும்புவது.

சரி, ஏழு வாரத்தில் முதல் வேலை நாளைக் காலை அந்த உதவிப் பேராசிரியருக்கு எழுதுவது. இரண்டாவது, பெயர்ப் பொருத்தம் பார்ப்பது. கடிதத்தை அடுத்த வாரம் தொடங்கலாம். ஏழாவது பிரதியை எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.

அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று எழுதவே இல்லையே. எந்தப் பக்கம் பாதிக்கப்பட்டது, கை எவ்வளவு திரும்பியிருக்கிறது? நீங்கள் டியூட்டிக்குப் போய்விட்டால் அவரை யார் பார்த்துக்கொள்வார்கள்? பட்டியலில் எந்த ஊரை எங்கே வைப்பது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்தான். அடுத்த கடிதத்தில் அதையும் எழுதுங்கள்.